மீதிக் குடலின் ஓவர்டைம்!

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, சிறுகுடலில் பாதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. "குடலே போயிடுச்சு, இனி கஞ்சித் தண்ணிதான்" என்று வீட்டில் முடிவு செய்து, வாரக்கணக்கில் அதையே கொடுத்தோம். ஆள் துரும்பாக இளைத்துவிட்டார். டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை: "வேலை கொடுக்காம குடல் எப்படிங்க வளரும்?"

குடல் வளருமா? வளரும் நண்பர்களே!

சிப்காட்டுக்கு இன்-பிளாண்ட் ட்ரெயினிங் போன மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் தெரியும். குழாயை நீட்ட இடமில்லாவிட்டால் ஃபின் வைத்துப் பரப்பைக் கூட்டுவோம். சிறுகுடலும் அதே டிசைன்தான். நீளம் சுமார் 6 மீட்டர். உள்ளே மடிப்பு மடிப்பாக, அதன்மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், அவற்றின்மேலும் நுண்ணிய இழைகள். விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு என்று ஸ்கூலில் மனப்பாடம் செய்தோமே, அது கொஞ்சம் ஓவர். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது வந்தது சுமார் 30 சதுர மீட்டர்தான்.

பாதி போனதும் மீதி சும்மா இருப்பதில்லை. உறிஞ்சிகள் உயரமாகின்றன, அவற்றின் அடியிலுள்ள குழிகள் ஆழமாகின்றன, குழாய் அகலமாகிறது, உணவும் மெதுவாக நகர்கிறது. பெரியவர்களுக்கு நீளம் பெரிதாகக் கூடாது, பரப்புதான் கூடுகிறது. ஆரம்பித்து முடிய ஓரிரு வருடம் ஆகும்.

இந்த ஓவர்டைமுக்கு ஆர்டர் போடுவது யார்? சாப்பாடுதான்! 1968-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், ரத்தக்குழாய் வழியாக மட்டுமே சத்து ஏற்றி நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய முறை அது. ஆனால் வாய்வழி எதுவுமே போகாவிட்டால் குடலின் உள்சுவர் மெலிந்துவிடுகிறது. உணவு பட்டால்தான் குடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும் ஜி.எல்.பி-2 என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது குடலை வளர்க்கிறது என்று 1996-ல் டொரான்டோவில் டேனியல் டிரக்கர் குழுவினர் எலிகளில் கண்டார்கள். அதைப் பின்பற்றிச் செய்த டெடுகுளுடைட் மருந்துக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எந்த இடம் போயிற்று என்பதும் முக்கியம். பின்பகுதியான இலியம், நடுப்பகுதியான ஜெஜுனத்தைவிட நன்றாக ஈடுகட்டும். ஆனால் இலியத்தின் கடைசிப் பகுதி போனால் பி-12 விட்டமின் உறிஞ்ச வேறு ஆள் இல்லை, ஆயுசுக்கும் ஊசிதான். பெருங்குடலும் இல்லாமல், சிறுகுடலும் ஒரு மீட்டருக்குக் கீழே போய்விட்டால், பெரும்பாலும் ரத்தக்குழாய் வழிச் சத்தை நிறுத்த முடியாது. அதை மறைத்துச் சொல்லக் கூடாது.

இன்னொரு விஷயம், தண்ணீர். ஜெஜுனத்தை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டவர்கள் தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்தால், குடல் உப்பை உள்ளே கசியவிட்டு, குடித்ததைவிட அதிகமாக வெளியேற்றும்! உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் உள்ளே ஏறும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா நோயாளிகளை டாக்டர் திலீப் மகாலனாபிஸ் காப்பாற்றியதும் இதே உப்பு-சர்க்கரைக் கரைசலால்தான். குடல் குறைந்தவர்களுக்கு உப்பு இன்னும் தூக்கலாக வேண்டும். அளவை டாக்டர் சொல்வார்.

சித்தப்பாவுக்கு அப்புறம் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம்: இட்லி, குழைந்த சாதம், முட்டை, மீன். நிதானமாக மென்று சாப்பிட்டார். பதினெட்டாவது மாதம் ஷிப்டுக்குப் போனார், டிபன் கேரியரில் ஒரு அடுக்கு அதிகம்.