கல்யாண கேக்குக்கு எந்த ஐசிங்?

கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் பத்துக் கடை ஏறி இறங்கும். தாலிக்கும் மோதிரத்துக்கும் மூன்று நாள் அலையும். கேக்குக்கோ பத்தே நிமிஷம்தான்! பேக்கரிக்குப் போவார்கள். ஆல்பத்தைப் புரட்டுவார்கள். "இந்த மாதிரி மூன்று அடுக்கு" என்று படத்தின் மேல் விரலை வைப்பார்கள். அட்வான்ஸ் கட்டி, ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

படத்தில் பார்த்தது கேக்கை அல்ல, அதன் மேல் பூசிய ஐசிங்கை மட்டும்தான் என்பது கல்யாணத்தன்று தெரியவரும்.

பெங்களூரில் சிவாஜி நகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்தில் கேக் வெட்டாமல் ரிசப்ஷன் கிடையாது. கோலார் தங்கவயலிலும் அப்படியே. வெள்ளைக்காரத் துரைமார்கள் விட்டுப்போன பழக்கம். துரைமார்கள் போய்விட்டார்கள். 2001-ல் சுரங்கமும் மூடப்பட்டது. கேக் மட்டும் போகவில்லை. இப்போது மற்ற சமூகத்தாரும் வரவேற்பு மேடையில் கேக் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கவயல்காரர்கள் பலர் அதிகாலையில் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவு வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம் அங்கே; கேக் ஆர்டர் இங்கே. நடுவில் சுமார் 100 கிலோமீட்டர். அனுபவமுள்ள பேக்கரி மாஸ்டராக இருந்தால் ஆல்பத்தை நீட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுவார்.

"கல்யாணம் எங்கேம்மா?"

"மாரிகுப்பத்துல, தம்பி. மே மாசம்."

"கேக்கை எதுல எடுத்துட்டுப் போவீங்க?"

"பொண்ணோட மாமா வேன் வச்சிருக்கார்."

"ஏ.சி. உண்டா?"

"அதெல்லாம் எங்கே தம்பி!"

"எத்தனை மணிக்கு வெட்டுவீங்க?"

"ஆறு மணின்னு பத்திரிகையில போட்டிருக்கு. எட்டு ஆயிடும்."

"அப்போ இந்த கிரீம் கேக் வேண்டாம்மா. வேற பாருங்க."

ஆர்டர் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்கிற மாஸ்டர் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

கிரீமும் வெண்ணெயும்

பாலிலிருந்து எடுத்த கிரீம், பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல பேக்கரிகளில் 'பிரெஷ் கிரீம்' என்று சொல்லி விற்பது பால் கிரீமே அல்ல. தாவர எண்ணெய்க் கொழுப்பை அடித்து நுரைக்க வைத்தது. அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இருந்தாலும் மே மாத வெயிலில், மூடிய வேனுக்குள் மூன்று மணி நேரம் குலுங்கினால் மேலே வைத்த ரோஜாப் பூ தலை சாய்ந்துவிடும். மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே பேக்கரி, வந்து இறங்கியதும் வெட்டு என்றால் கிரீமை யோசிக்கலாம். வாயில் கரைகிற சுகம் அதற்குத்தான் உண்டு.

பட்டர் ஐசிங்குக்கு ஒரு பங்கு வெண்ணெய், இரு பங்கு ஐசிங் சர்க்கரை. ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெண்ணெய் 32 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். பெங்களூர் வெயிலே ஏப்ரல், மே மாதங்களில் அதைத் தாண்டுகிறது. உருகாமல் இருப்பதற்காகச் சிலர் வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி சேர்ப்பார்கள். பூ கம்பீரமாக நிற்கும். சாப்பிட்ட பிறகு நாக்கில் மெழுகு ஒட்டியது போல இருக்கும்! எது சேர்க்கிறார்கள் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சப்பாத்தி போல ஒரு ஐசிங்

இப்போது ஆல்பங்களில் அதிகம் காண்பது பாண்டன்ட். சர்க்கரை, குளுக்கோஸ், கிளிசரின், ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, கேக் மேல் போர்த்துவார்கள். ஒரு சுருக்கம் இல்லாமல் பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். வெயிலையும் ஓரளவு தாங்கும். பிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால்தான் வியர்த்து ஒழுகும். கண்ணுக்கு விருந்து, வாய்க்கு வெறும் இனிப்பு. விருந்தாளிகளில் பாதிப் பேர் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவதை எந்த ரிசப்ஷனிலும் பார்க்கலாம்.

இன்னொன்று. ஜெலட்டின் என்பது மாட்டின் எலும்பு, தோல் போன்றவற்றிலிருந்து எடுப்பது. முட்டையில்லாத கேக் என்று சொல்லி வாங்கி, சைவ விருந்தாளிகளுக்கு நம்பிக் கொடுப்பார்கள். மேலே போர்த்தியதில் ஜெலட்டின் இருக்கும்! ஜெலட்டின் சேர்க்காத பாண்டன்டும் உண்டு. முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

பாட்டி காலத்து ஐசிங்

தங்கவயல் பெரியவர்களைக் கேட்டால் "வெள்ளையா, கல்லு மாதிரி இருக்குமே, அதுதான் கல்யாண கேக்" என்பார்கள். அதுதான் ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடிப்பது. 1840-ல் விக்டோரியா ராணியின் கல்யாண கேக்கில் இந்த வெள்ளைப் பூச்சுதான் இருந்தது. அந்த கேக்கின் எடை சுமார் 300 ராத்தல், அதாவது 136 கிலோ. சுற்றளவு 9 அடி. அடேயப்பா!

இதை நேராக கேக் மேல் பூசக் கூடாது. உள்ளே இருப்பது உலர்ந்த திராட்சையும் பழத்தோலும் ரம்மில் ஊறிய பிளம் கேக். அதன் எண்ணெயும் நிறமும் கசிந்து வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். அதனால் முதலில் பாதாம் விழுதைத் தேய்த்துப் போர்த்துவார்கள். செலவைக் குறைக்கப் பாதாமுக்குப் பதில் முந்திரியும் போடுவதுண்டு. ருசி ஒன்றும் குறையாது. அதன் மேல்தான் ஐசிங். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு காய மறுக்கும். ஆகவே ஆர்டரைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும். பச்சை வெள்ளைக்கருவுக்குப் பயப்படுகிறவர்கள், கிருமி நீக்கிய முட்டைப் பவுடரில் செய்யச் சொல்லலாம்.

காய்ந்துவிட்டால் வெயிலுக்கும் பயமில்லை, வேன் குலுங்கலையும் தாங்கும். பிளம் கேக்கும் கெடாது. துண்டு போட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றினால் வாரக்கணக்கில் இருக்கும். முழங்கால் வலியால் கல்யாணத்துக்கு வர முடியாத ஆம்பூர்ப் பாட்டிக்கும், லீவு கிடைக்காத தம்பிக்கும் ஆளுக்கொரு துண்டு பத்திரமாகப் போய்ச் சேரும். கிரீம் கேக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

குறையும் உண்டு. சில துளி கிளிசரின் சேர்க்க மறந்தால், மணமக்கள் கத்தியை அழுத்தும்போது ஐசிங் 'படார்' என்று தெறிக்கும். போட்டோவில் அது நன்றாக இருக்காது!

அட்டை கேக்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், பிரிட்டனில் சர்க்கரைத் தட்டுப்பாடு. கேக் மேல் சர்க்கரை ஐசிங் பூசவே அரசாங்கம் தடை போட்டுவிட்டது. மணமக்கள் என்ன செய்தார்கள்? அட்டையிலும் பிளாஸ்டரிலும் செய்த மூன்றடுக்கு மூடியை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்ன கேக்கை ஒளித்து வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இன்று தட்டுப்பாடு இல்லை. அட்டைக்குப் பதில் தெர்மாகோல் வந்திருக்கிறது. மேடையில் நிற்கும் ஐந்தடுக்கில் கத்தி இறங்குவது பெரும்பாலும் ஒரே அடுக்கில்தான். மற்றதெல்லாம் தெர்மாகோல் மேல் ஐசிங். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுகள், சமையலறையில் தட்டையாகப் போட்ட வேறு கேக்கிலிருந்து வரும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிட்டால்! மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். டம்மி அடுக்குக்கு எவ்வளவு, கிலோ கணக்கில் ஐசிங்கின் எடையும் சேர்த்தியா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குவதே நல்லது. பாதாம் விழுதும் ஐசிங்கும் சேர்ந்தால் எடை நன்றாகவே கூடும். ஐந்தடுக்கு ஆசையை இரண்டடுக்காகக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் விருந்தாளிகளுக்கான பிளம் கேக்கைக் கூட்டிப் போட்டால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

நிறத்திலும் நிதானம் தேவை. கரும் சிவப்புக்கும் நீலத்துக்கும் சாயம் நிறையச் சேர்க்க வேண்டும். கசப்புத் தட்டும், மணப்பெண்ணின் பல்லிலும் ஒட்டும். புடவை ஓரத்தின் நிறத்தை ஒரு ரிப்பனில் காட்டினால் போதாதா?

ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் வாங்கி, மண்டபத்தில் வைத்து அடுக்க வேண்டும். பெட்டிகளை சீட்டின் மேல் வைக்காமல், வேனின் தரையில் சமமாக வைக்க வேண்டும். புறப்படும்போது மாஸ்டரிடம் அதே ஐசிங்கில் கொஞ்சம் கேட்டு, ஈரம் போகாமல் ஒரு பையில் கட்டி வாங்கிக்கொள்ளலாம். வழியில் ஓரம் உடைந்தாலும் மணமகளின் சித்தியே விரலால் பூசிச் சரிசெய்துவிடுவார்.