கம்பியைப் பிடித்து ஓடிய பேருந்து

பம்பாயில் கோவாலியா டேங்க்கிலிருந்து மஸ்காவ் கப்பல்துறை வரை 1962 ஜூன் 11 அன்று ஓடத் தொடங்கிய டிராலி பஸ், 1971 மார்ச்சில் நின்றுபோனது. கொழும்பில் 1953இல் வந்தது, 1964இல் போய்விட்டது. இரண்டு கடற்கரை நகரங்களும் பத்தாண்டு அளவிலேயே கைகழுவியதைப் பார்த்தால் வண்டியே உருப்படாதது என்று தோன்றலாம். ஆனால் கோளாறு மேலே போன கம்பியின் கணக்கில்தான் இருந்தது. டிராமுக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். டிராலி பஸ்ஸின் ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே வர ஒன்று, திரும்ப ஒன்று என இரண்டு கம்பிகள். அவற்றைத் தொட்டுக்கொண்டே வரக் கூரையில் இரண்டு நீண்ட கழிகள். வண்டி பக்கவாட்டில் ஏறக்குறைய 4 மீட்டர் ஒதுங்கலாம். நிற்கிற லாரியைச் சுற்றிப் போகலாம், கம்பியில்லாத தெருவுக்குள் நுழைய முடியாது. கழி நழுவினால் இறங்கிக் கயிற்றை இழுத்து மாட்ட வேண்டும், மழையானாலும்! மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே முழு இழுவிசை, புகை இல்லை. சிலி நாட்டு வால்பரைசோ துறைமுக நகரில் 1940களில் செய்த வண்டிகள் 70 ஆண்டு கடந்தும் ஓடின.

கம்பி, தூண், துணைமின் நிலையம் ஆகியவற்றின் செலவு பத்து பஸ் ஓடினாலும் நூறு ஓடினாலும் பெரிதாக மாறாது. நெருக்கமாக வண்டி ஓடும் தடத்தில் அது கட்டுப்படியாகும். சிறு தடத்தில் டீசல் பஸ்தான் ஜெயிக்கும். பேட்டரி பஸ் வந்த பிறகு கம்பி எதற்கு என்று கேட்பார்கள். மாஸ்கோவே 2020இல் கைவிட்டது என்பது வலுவான வாதம்தான். ஆனால் பெரிய பேட்டரி என்பது விலையும் எடையும். சார்ஜ் ஏற நிற்கும் நேரத்தில் வண்டிக்கு வசூலும் இல்லை. தடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கம்பி கட்டி, ஓடும்போதே சிறு பேட்டரியை நிரப்பிக்கொண்டு, மீதித் தூரத்தைக் கம்பியில்லாமல் கடக்கும் வண்டிகள் ஐரோப்பிய நகரங்களில் இப்போது ஓடுகின்றன.

மதுரைக்கு இது பொருந்தாது, சித்திரைத் தேர் வரும் மாசி வீதிகளில் கம்பி கட்ட முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாது, கட்டவும் கூடாது. தேர் வராத மாட்டுத்தாவணிச் சாலையில் கட்டலாம். மாசி வீதிகளைப் பேட்டரியில் கடக்கலாம். ஆனாலும் அந்தச் சாலையில் மணிக்கு எத்தனை பஸ் போகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே ஒரு தூணாவது நட வேண்டும்.