நகரத்தின் காவற்காடு

பழந்தமிழ் மன்னர்கள் கோட்டையைச் சூழக் காவற்காடு வளர்த்தனர். அது பகைவரைத் தடுத்தது. இன்றைய நகர வீடுகளுக்குப் பகையாவன, ஆலைகளின் தூசியும் இரைச்சலும் ஆகும்.

1951ஆம் ஆண்டு சண்டிகர் நகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியே குழுவினர், தொழிற்பகுதியைத் தென்கிழக்கு ஓரத்தில் ஒதுக்கினர். அதற்கும் குடியிருப்புகளுக்கும் இடையே மரங்கள் நிறைந்த அகன்ற நிலத்தை அமைத்தனர். இதனைப் பசுமை அரண் எனலாம்.

மரங்கள் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றன. தூசி இலைகளில் படிகிறது. மழை அதனைக் கழுவி மண்ணில் சேர்க்கிறது. உயர்ந்த மரங்கள் மட்டும் போதா. அடிமரங்களுக்கு இடையே தூசி நுழையும். ஆதலால் கீழே புதர்களும் வேண்டும்.

இந்நிலம் பயனற்ற வெற்றிடம் போலத் தோன்றலாம். வண்டி நிறுத்தவோ கடை கட்டவோ ஒரு பகுதியை வெட்டினால், அவ்வழியே தூசி வீடு புகும். வெட்ட ஒரு நாள் போதும். மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.