கல்நார்: வேலையை விட்ட பிறகு வரும் நோய்

இருமல் ஓயவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்குக்குப் போகும் எழுபது வயதுக்காரரிடம் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். காசநோய் இருந்ததா என்று கேட்பார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் எங்கே, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், தரும் நோயைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்விதான் வழி. அதனால், யாரும் கேட்காவிட்டாலும் நோயாளியே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போவின் ஜெலாப்பாங், சிலிபின், தாசேக் பக்கத்துத் தாமான்களில் இன்று ஓய்வில் இருக்கும் நம் பெரியவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பால்மரத்தை விட்டு ஆலை வேலைக்குப் போன தலைமுறை அது. போர்ட்டிக்சனில் 1960களின் தொடக்கத்திலேயே எஸ்ஸோ, ஷெல் நிறுவனங்களின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன. திரெங்கானு கெர்த்தேவில் பெட்ரோனாஸ் ஆலை 1983இல் வந்தது. இத்தகைய ஆலைகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள் ஒரு பக்கம். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நேரத்தில் காண்ட்ராக்டரோடு போய் சில வாரம் வேலை செய்துவிட்டு அடுத்த ஆலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஈப்போவிலேயே, தாசேக் தொழிற்பேட்டையில், கூரைத் தகடு செய்த யூஏசி நிறுவனம் இருந்தது. அதன் பழைய பெயர் யுனைடெட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்.

எண்ணெய் ஆலையில் கல்நாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கச்சா எண்ணெயை 350 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித்தான் பிரிக்க முடியும். அந்தச் சூடு வெளியே போகாமல் காக்க, நீராவிக் குழாய்களையும் பாய்லரையும் கோபுரங்களையும் சுற்றி ‘லேகிங்’ போடுவார்கள். 1970கள் வரை உலகெங்கும் அந்த லேகிங்கில் கல்நார் கலந்திருந்தது. குழாய்கள் சேரும் இடத்துக் கேஸ்கெட், வால்வுக்குள் திணிக்கும் பேக்கிங் கயிறு, வெல்டிங் பொறி படாமல் மூடும் போர்வை, சூடு தாங்கும் கையுறை எல்லாவற்றிலும் அது இருந்தது. இரசாயன ஆலை, மின்நிலையம், பாய்லர் வைத்த செம்பனை ஆலை எதுவும் இதற்கு விலக்கல்ல.

கல்நார் அசையாமல், உடையாமல் கிடக்கும் வரை ஆபத்து குறைவு. பழைய லேகிங்கைப் பிய்த்துப் போடும்போது, ஒட்டிப்போன கேஸ்கெட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டும்போது, விழுந்த தூளைக் காய்ந்தபடியே பெருக்கும்போது, சட்டையில் படிந்ததைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும்போதுதான் இழைகள் காற்றில் ஏறுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, இருமலைக்கூட உடனே வரவழைக்காது. லேகிங்காரர் மட்டும் அதைச் சுவாசிப்பதில்லை. பக்கத்தில் நின்ற வெல்டர், எலக்ட்ரீஷியன், கடைசியில் இடத்தைக் கூட்டிய தொழிலாளி எல்லாரும் சுவாசிக்கிறார்கள். கூட்டியவரின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

உள்ளே போன இழையை நுரையீரலால் கரைக்க முடியாது. பல ஆண்டு சுவாசித்தவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய் மீசோதெலியோமா. குறைந்த காலம் சுவாசித்தவருக்கும் அது வரலாம். நுரையீரல் புற்றுநோயும் வரும். மீசோதெலியோமா தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டு வரை ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. வேலையிடத்துக் கல்நாரால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அது கணக்கிடுகிறது.

புகைப்பவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். அமெரிக்க லேகிங் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளியான ஆய்வு, கல்நாரும் புகையும் இல்லாதவர்களோடு மற்றவர்களை ஒப்பிட்டது. கல்நார் மட்டும் பட்டவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவர்கள் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்கள் 50 மடங்குக்கும் மேல். பழைய ஆலைத் தொழிலாளி இன்றைக்கே சிகரெட்டை விட்டாலும் பலன் உண்டு.

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி உண்மை மறைந்துவிடும். லண்டனில் 1965இல் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 76 மீசோதெலியோமா நோயாளிகளின் வாழ்க்கையை விசாரித்தார்கள். அவர்களில் 9 பேர் கல்நார் வேலையே செய்யாதவர்கள்; அந்த வேலை செய்த உறவினரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிமார் அந்த 9 பேரில் இருந்தார்கள். நம் அம்மாக்களும் அப்படித்தான் துவைத்தார்கள். ஆகவே மூச்சுத் திணறலோடு வரும் ஒரு பாட்டியிடமும் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் கல்நார் செயல்முறை விதிகள் ஒரு மில்லிலிட்டர் காற்றில் 1 இழைக்கு மேல் இருக்கக் கூடாது என்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தன் வரம்பை 0.01 ஆகக் குறைத்தது. அந்த 1986 வரம்பு எவ்வளவு தாராளமானது என்பது இதிலிருந்தே தெரியும். நல்ல செய்தியும் உண்டு. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். காண்ட்ராக்டரின் ஆளாக இருந்தாலும், வேலையைக் கொடுத்த ஆலைக்கும் அவர்மேல் பொறுப்பு உண்டு. பொதுக் கடமையை மீறிய முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை. லேகிங் பிரிக்கச் சொன்னால், இதில் கல்நார் இருக்கிறதா, சோதனை அறிக்கை எங்கே என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். அபாய இரசாயனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, காற்றைச் சோதித்த பதிவுகளை முதலாளி 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நோய் வந்துவிட்டால் போக வேண்டிய வாசல் சொக்சோ, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய்களில் கல்நார் தரும் நோய்களும் அடங்கும். இதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, சொக்சோவில் உள்ள தொழிலாளி வேலைக் காயத்துக்காகத் தன் முதலாளி மேல் வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. அதனால் சொக்சோ கோரிக்கையை அரைகுறையாக நிரப்பி அனுப்பிவிட்டு, மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருக்க முடியாது. வேலையை விட்ட பின் வரும் நோய்க்குச் சட்டத்தில் காலவரம்பும் உண்டு. முப்பது வருடம் கழித்து வரும் நோய்க்கு அப்படி ஒரு வரம்பு வைப்பது அநியாயம்; சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம்மவர்கள் இதைக் கேட்க வேண்டும். அதற்காக மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். நோய் உறுதியான அன்றே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். மருத்துவ வாரியம் மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. நோயைக் கண்ட மருத்துவரும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 2004ஆம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன. தெரிவித்தாரா என்று கேளுங்கள்.

வாரியத்தின் முன் எல்லாமே ஆதாரத்தில் வந்து நிற்கும். ஆலை மூடியிருக்கும், நிறுவனம் கைமாறியிருக்கும், காண்ட்ராக்டர் இறந்திருப்பார். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27இல் வழங்கிய தீர்ப்பில், கல்நார் ஆலைகள் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய் தாமதமாக வரும் என்பதை அந்த நீதிமன்றம் புரிந்துகொண்டிருந்தது. இங்கே நம் பதிவை நாமேதான் காக்க வேண்டும். எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, யார் மண்டோர், கூட யார் வேலை செய்தார்கள் என்று தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, கேட் பாஸ், சேமநிதிச் சந்தா அறிக்கை, ஷட்டவுன் குழுவாக எடுத்த போட்டோ எதையும் எறியாதீர்கள். கூட வேலை செய்தவர் உயிரோடு இருந்தால் அவருடைய சத்தியப் பிரமாணம் வலுவான சாட்சி.

ஆதாரம் இல்லாமல் போராடுவது எவ்வளவு கடினம் என்பது ஈப்போக்காரர்களுக்குத் தெரியாததல்ல. புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஆசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் மலேசிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சாட்சியமே அங்கே எடுபட்டது. ஆனாலும் மக்களின் எதிர்ப்புக்கு முன் நிறுவனம் 1994இல் ஆலையை மூடியது. அந்தக் கழிவு ஜெலாப்பாங்குக்கு மேலே எழும் கிளேடாங் மலைத்தொடரில் புதைந்திருக்கிறது. ஆலை போனாலும் அதன் மிச்சம் போவதில்லை.

இன்றைய ஆபத்து பழைய கூரைகளிலும் இருக்கிறது. கல்நார் சிமெண்ட் கூரையும் சீலிங்கும் உடையாமல் இருந்தால் கைவைக்க வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உடைக்காமல், துளைக்காமல், தண்ணீரால் நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். கல்நார்த் தூளும் இழையும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. குப்பைத் தொட்டியிலோ ஈயக் குட்டைப் பள்ளத்திலோ போடக் கூடாது. எங்கே கொடுப்பது என்று சுற்றுச்சூழல் இலாகாவிடமும் மாநகர் மன்றத்திடமும் கேளுங்கள். இப்போது கூரை பிரிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசிய, தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வருகிறார்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. அவர்களை வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் அதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் கல்நாருக்கு முழுத் தடை கேட்டுப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறது. பிரிட்டன் 1999இலும் ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் தடை செய்தன. நமக்கும் அது வேண்டும்.

தொழிலாளி இறந்துவிட்ட குடும்பத்துக்கும் வழி அடைபடவில்லை. வேலையால் வந்த நோய்தான் காரணம் என்று ஏற்கப்பட்டால், சொக்சோவில் சார்ந்திருப்போர் உதவித்தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். மரணச் சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ எழுதியிருந்தாலும், எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களையும் திசுச் சோதனை அறிக்கையையும் மருத்துவமனையில் எழுதிக் கேட்டு வாங்கி, வேலை விவரம் எழுதிய நோட்டோடு சேர்த்து மனுவில் வையுங்கள்.