ஆடி அடங்கும் மின்னோட்டம்

ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் அது முன்னும் பின்னும் ஆடும். வீச்சு சிறிது சிறிதாகக் குறைந்து இறுதியில் நின்றுவிடும். மின்சுற்றிலும் இத்தகைய ஆட்டம் நிகழ்வதுண்டு. அதனை மின் அலைவு என்பர். அவ்வலைவு படிப்படியாகத் தளர்வதே தடையுறல் ஆகும்.

இதில் பங்குபெறும் உறுப்புகள் மூன்று. மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும். மின்தூண்டி எனப்படும் கம்பிச்சுருள், தன் வழியே பாயும் மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும். மின்தடை, ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். மின்னூட்டம் பெற்ற மின்தேக்கியைச் சுருளுடனும் சிறிய மின்தடையுடனும் இணைத்தால், ஆற்றல் மின்தேக்கிக்கும் சுருளுக்கும் இடையே மாறி மாறிச் செல்லும். இதனை வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் 1853ஆம் ஆண்டில் கணித முறையில் விளக்கினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சுருள் 1 ஹென்றி, மின்தேக்கி 1 மைக்ரோஃபாரட், மின்தடை 200 ஓம் என்க. அலைவு நொடிக்கு ஏறத்தாழ 158 முறை நிகழும். மின்தேக்கியில் 100 வோல்ட் இருக்கும்போது சுற்றை மூடினால், அடுத்தடுத்த உச்சங்கள் ஏறத்தாழ 53, 28 வோல்ட் எனக் குறையும். 200 வோல்ட்டில் தொடங்கினால் அவை 106, 57 வோல்ட் ஆகும். தொடக்கம் இருமடங்கானாலும் குறையும் விகிதம் மாறவில்லை. ஆட்டத்தின் அளவைத் தொடக்க நிலை முடிவு செய்கிறது. அது அடங்கும் விரைவைச் சுற்றின் உறுப்புகள் முடிவு செய்கின்றன.

இதே சுற்றில் மின்தடையை 2000 ஓம் ஆக்கினால், மின்னழுத்தம் ஆடாமலேயே விரைவில் சுழியை நெருங்கும். இது மாறுநிலைத் தடையுறல். மின்தடை அதனினும் மிகுந்தால், ஆட்டம் இராது. ஆனால் அடங்குவதற்கு நெடுநேரமாகும்.

தொடக்க நிலை என்பது, மின்சாவியை இயக்கும் கணத்தில் மின்தேக்கியில் உள்ள மின்னழுத்தமும் சுருளில் பாயும் மின்னோட்டமும் ஆகும். இவ்விரண்டும் ஒரு கணத்தில் தாவி மாறுவதில்லை. மின்விசிறியை நிறுத்தும்போது சில வேளைகளில் மின்சாவியில் சிறு பொறி தோன்றுவதற்குச் சுருளின் இப்பண்பே காரணம்.

மின்தேக்கியின் பண்போ நம் உயிரோடு தொடர்புடையது. ஒளிப்படக் கருவியின் மின்னல் விளக்கு, நுண்ணலை அடுப்பு முதலியவற்றில் உயர் மின்னழுத்த மின்தேக்கிகள் உள்ளன. கருவியை நிறுத்திய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குக் குறுக்கே 1 இலட்சம் ஓம் மின்தடை இருந்தால், 10 நொடியில் மின்னழுத்தம் 37 விழுக்காடாகவும், 50 நொடியில் 1 விழுக்காட்டிற்கும் கீழாகவும் குறையும். அத்தகைய மின்தடை இல்லையெனில் மின்னூட்டம் நெடுநேரம் நிலைத்திருக்கும். தொடுபவரின் உடலே அது வெளியேறும் வழியாகிவிடும்.

மாணவர்களே, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டதனால் மட்டுமே ஒரு கருவி பாதுகாப்பானதாகிவிடாது. அதனைத் திறந்து பழுதுபார்க்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.