சின்னப் பிள்ளைகளோடு குற்றாலம்: ஒரு நாளை எப்படி அமைப்பது?

குற்றாலம் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய பட்டியலோடுதான் கிளம்புகின்றன. காலையில் மெயினருவி, அடுத்து ஐந்தருவி, சாப்பிட்டுவிட்டுப் பழைய குற்றாலம், திரும்பும் வழியில் தென்காசிக் கோயில், இரவு பிரானூரில் பார்டர் பரோட்டா. பெரியவர்கள் மட்டும் போனால் இது நடக்கும். மூன்று வயதில் ஒன்றும் ஆறு வயதில் ஒன்றும் கூட வந்தால் நடக்காது. இரண்டாவது அருவிக்குப் போவதற்குள் சின்னதுக்குத் தூக்கம் வந்துவிடும், பெரியதுக்குப் பசிக்கும், மாற்றுத்துணி எல்லாம் நனைந்து முடிந்திருக்கும்.

பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அரை நாளுக்கு ஓர் இடம். காலையில் ஒன்று, சாப்பாடு, தூக்கம், மாலையில் ஒன்று. அந்த இரண்டில் ஒன்று தண்ணீர் இல்லாத இடமாக இருக்கட்டும். இப்படி இரண்டு மூன்று நாள் தங்கினால் பார்ப்பது குறையாது, அலைச்சல்தான் குறையும்.

முதல் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. பள்ளிக்கு விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். குற்றாலத்தில் சீசன் ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கிய பிறகு, செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று கிழக்கே வருகிறது. மலையில் பெய்த மழை அருவியாக விழ, ஊருக்குள் சாரல் மட்டும் அடிக்கும். ஆனி, ஆடி, ஆவணி என்று செப்டம்பர் வரை இது நீடிக்கும். மே மாதத்தில் கோடை மழை கைகொடுத்தால் உண்டு, இல்லையென்றால் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால், ஜூலையில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து வாரநாளில் போய்வருவதே நல்லது. சனி, ஞாயிறு கூட்டத்தில் குழந்தையைத் தோளை விட்டு இறக்கவே முடியாது. ஆடி அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியிலும் வடகிழக்குப் பருவமழையால் தண்ணீர் இருக்கும், ஆனால் அது ஐயப்ப பக்தர்கள் வரும் காலம், அதிகாலையிலேயே அருவிக்கரை நிறைந்துவிடும்.

எந்த அருவி, எந்த வயதுக்கு

மெயினருவி என்று எல்லோரும் சொல்கிற பேரருவி ஏறக்குறைய 200 அடி உயரத்திலிருந்து இறங்குகிறது. அவ்வளவும் நேராகத் தலையில் விழுந்தால் யாரும் கீழே நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளம் தண்ணீரை வாங்கி, வேகத்தைக் குறைத்து வெளியே விடுகிறது. அப்படியும் நல்ல சீசனில் அதன் அடி பெரியவர் தோளுக்கே கனமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளை அதைவிட அதன் சத்தம்தான் மிரட்டும். பயந்து அழுகிற குழந்தையை "ஒரு தடவை நனைச்சா சரியாப் போயிடும்" என்று தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அந்தப் பயம் அடுத்த சில வருடங்களுக்குத் தண்ணீர்ப் பக்கமே வரவிடாது. தள்ளி நின்று சாரலில் முகம் நனைவதே மூன்று வயதுக்குப் போதுமான குற்றாலம்.

பிள்ளைகள் குளிப்பதற்கென்றே சொல்லத்தக்கது புலியருவி. பழைய குற்றாலம் போகும் பக்கத்தில் இருக்கிறது, உயரம் குறைவு, தண்ணீரின் வேகமும் குறைவு. மெயினருவிக்கு மேலே இருக்கும் சிற்றருவியும் சிறியதுதான். ஐந்தருவி பார்க்க அழகு. ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள். ஐந்து வயதுக்கு மேலே என்றால், ஓரக் கிளையில் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தலாம். செண்பகாதேவியும் தேனருவியும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன, வழக்கமாக அனுமதி கிடையாது. குண்டாறு பக்கம் ஜீப்பில் ஏற்றி, மேலே உள்ள தனியார் அருவிகளுக்கு அழைத்துப் போகிறோம் என்று ஜீப்காரர்கள் கூப்பிடுவார்கள். குலுங்குகிற பாதையும் கண்காணிப்பு இல்லாத தண்ணீரும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றவை அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய ஒன்றை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பெரிய அருவிகளில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. அம்மாவோடு யார், அப்பாவோடு யார் என்று அறையிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அதில் சமரசம் கூடாது. இரண்டு பிள்ளைகளை ஒருவராகப் பிடித்துக்கொண்டு ஈரப்பாறையில் நிற்க முடியாது. பாட்டியோ சித்தியோ கூட வந்தால், ஒருவர் கரையில் துண்டும் மாற்றுத்துணியுமாகக் காத்திருக்கட்டும். குழந்தை வெளியே வந்த நிமிடமே துவட்டி, உலர்ந்த சட்டை போட்டாக வேண்டும். தண்ணீரைவிட, நனைந்த உடம்பில் படுகிற காற்றுதான் அவர்களை நடுங்க வைக்கிறது. உதடு நிறம் மாறினாலோ பல் தந்தியடித்தாலோ குளியல் முடிந்தது. அழுதாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை அருவிக்கே கொண்டு போக வேண்டியதில்லை. அறையில் வெந்நீர்க் குளியல், மாலையில் சாரல் காற்று, அது போதும்.

பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்படுவது தெரிந்ததுதான். ஆனால் அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. அதைக் குழந்தை வைத்திருப்பவர்களாவது கட்டாயம் மதிக்க வேண்டும். பாறையில் படிகிற எண்ணெயில் முதலில் வழுக்கி விழுவது சின்னக் கால்கள்தான்.

தண்ணீர் நிறம் மாறினால்

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். சீசன் இன்னும் தொடங்காத நாள் அது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்கு மேலே கொட்டுகிற மழை சில நிமிடங்களில் அருவிக்கு வந்துவிடும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது.

சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். சத்தம் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைத் தேடாதீர்கள், பையைத் தேடாதீர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடான பக்கம் போங்கள். மெயினருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம் சார், அஞ்சு நிமிஷம்" என்று அவர்களிடம் கெஞ்சுவது பிள்ளைகள் முன்னால் செய்யக் கூடாத காரியம்.

தடை போட்ட நாளில் எங்கே போவது

நல்ல மழை பெய்த சீசனில் தடை எந்த நாளும் வரலாம். அன்றைக்கு என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்து வைக்காத குடும்பம்தான் அருவிக்கரையில் நின்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கும். யோசித்து வைத்தவர்களுக்கு அது இன்னும் நல்ல நாள்.

என் முதல் தேர்வு ரயில். செங்கோட்டையிலிருந்து புனலூருக்குப் போகும் பாதை சுமார் 50 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் பாதையாக 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய வழி இது. அகலப்பாதையாக மாற்றும் வேலை முடிந்து 2018-இல் முழுவதும் திறந்தார்கள். மலையைக் குடைந்த குகைகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம். குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டானதும் பெட்டி முழுக்க இருக்கும் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். மடியில் உட்கார வைத்து, சன்னலோரம் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே போகலாம். நடக்க வைக்க வேண்டாம், நனையவும் மாட்டார்கள். இந்த வழியில் ரயில்கள் குறைவு என்பதால் போவதற்கும் வருவதற்கும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தென்மலையில் இறங்கினால் மான் பூங்கா, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எல்லாம் இருக்கின்றன. காரில் போனால் செங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், பெரும்பாலும் மலைப்பாதை. வாந்தி வருகிற குழந்தைக்கு வயிறு முட்டக் கொடுத்து வண்டியில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது தென்காசி காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பாண்டியர் கட்டியது. சிதைந்து கிடந்த கோபுரத்தை எழுப்பி முடித்தது 1990-இல். பிள்ளைகளுக்கு இந்த வரலாறு பெரிதில்லை. கோபுர வாசலில் அடிக்கிற காற்று பெரிது. பொதிகைமலைக் காற்று அந்த வாசலுக்குள் புகுந்து தள்ளுவதை உணர்ந்த பிள்ளை, திரும்பத் திரும்ப வெளியே ஓடி உள்ளே வரும். கோயிலை முடித்துவிட்டு உடனே இழுத்துக்கொண்டு போகாமல் அந்த விளையாட்டுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

பண்பொழி திருமலைக் கோயிலுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள், ஆனால் மேலே வரை வண்டி போகிற சாலையும் இருக்கிறது. மாலையில் போனால் சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும் குளங்களும் தெரியும். ஜூலை கடைசி, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்து நிற்கும். அது விவசாயியின் நிலம், சுற்றுலாத் துறையின் பூங்கா அல்ல. கேட்டுவிட்டு வரப்பில் நின்று படம் எடுங்கள், பிள்ளை பூவைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தருவி அருகே தோட்டக்கலைத் துறையின் சூழல் பூங்காவில் ஓடி விளையாட இடம் தாராளம். ஐந்தருவி சாலையில் படகுக் குழாமும் உண்டு, குளத்தில் தண்ணீர் சேர்ந்த பிறகுதான் படகு விடுவார்கள். குற்றாலத்திலேயே இருக்கும் சித்திர சபையை ஓவியத்தில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியங்கள்.

தங்குவதற்கு அருவிக்கரைச் சந்தடியைவிட இலஞ்சியோ தென்காசியோ மேல். இரண்டும் சில கிலோமீட்டரில்தான். மதியம் குழந்தை தூங்கும் நேரத்தில் வெளியே ஒலிபெருக்கி இருக்காது. அறை பிடிக்கும்போது வெந்நீர் உண்டா, துணி காயப்போட இடம் உண்டா என்று கேளுங்கள். சாரல் நாளில் ஈரத்துணி ஒரு நாளில் காயாது, அதனால் ஒரு குழந்தைக்கு நாளுக்கு மூன்று உடுப்பு என்று எடுத்து வைப்பது அதிகம் இல்லை.

உணவில் ஒரு எச்சரிக்கை. பார்டர் பரோட்டாவின் சால்னா பெரியவர் நாக்குக்கே சுறுசுறுவென்று இருக்கும். பிள்ளைக்கு முட்டையோ தயிரோ தனியாகச் சொல்லுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வழக்கமாக உங்கள் மருத்துவர் சொல்லும் காய்ச்சல் மருந்து, வெப்பமானி ஆகியவை பையில் இருக்கட்டும். அவசரம் என்றால் தென்காசியில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. சீசனில் ரம்புட்டான், மங்குஸ்தான் குவிந்திருக்கும். ரம்புட்டானைக் கொட்டையோடு சின்னப் பிள்ளை வாயில் போடக் கூடாது, தொண்டையில் சிக்கும். சதையை உரித்துக் கொடுங்கள். எந்தப் பழத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்க விடாதீர்கள், குரங்குகள் பிள்ளைகளின் கையைத்தான் முதலில் பார்க்கும்.

கூட்டத்துக்குள் போவதற்கு முன்னால் பிள்ளையின் கையில் உங்கள் கைப்பேசி எண்ணை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். அன்றைக்குப் போட்ட உடுப்போடு ஒரு படமும் எடுத்து வையுங்கள். காணாமல் போனால் போலீசாரிடம் காட்ட அதைவிட உதவுவது வேறில்லை.

டயப்பர், சோப்பு உறை, பிஸ்கட் தாள் எதையும் அருவிக்கரையில் விடாமல் எடுத்து வந்துவிடுங்கள். இந்தத் தண்ணீர் சிற்றாறாகித் தாமிரபரணியில் கலக்கிறது, கீழே இருக்கிற ஊர்கள் அதைக் குடிக்கின்றன. கிளம்பும் நாள் காலையில் அருவிகளில் தடை இருக்கிறதா என்று செய்தியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.