பாரத ரத்னா: அரசிலைப் பதக்கம்

உள்ளங்கையில் அடங்கும் வெண்கல அரசிலை. நடுவில் பிளாட்டினத்தில் சூரியன், கீழே தேவநாகரி எழுத்தில் விருதின் பெயர். பின்புறத்தில் நான்முகச் சிங்கச் சின்னம். வெள்ளை நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிவார்கள். 1954 ஜனவரி 2ஆம் நாள் இவ்விருதை நிறுவிய அறிவிக்கை சொன்னதோ வட்டமான தங்கப் பதக்கம். மறு ஆண்டே அது அரசிலையாயிற்று. இலையே அழகு.

முதலில் பெற்றவர்கள் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி. வி. ராமன். தொரப்பள்ளி, திருத்தணி, திருச்சி என மூவர் பிறந்த ஊர்களும் இன்றைய தமிழ்நாட்டில்தான் உள்ளன.

மறைந்தவர்களுக்கு வழங்க முதலில் விதியில் இடமில்லை. 1955இல் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வந்ததால்தான் லால் பகதூர் சாஸ்திரிக்கும் (1966), காமராஜருக்கும் (1976), மிகத் தாமதமாக அம்பேத்கருக்கும் (1990) நாடு இந்த மரியாதையைச் செய்ய முடிந்தது.

1977இல் மொரார்ஜி தேசாயின் அரசு விருதையே நிறுத்தியது. 1980இல் மீண்டும் வந்தது. 1991இல் தேசாய்க்கும் வழங்கப்பட்டது.

பணமுடிப்பு கிடையாது. இது பட்டமும் அல்ல: பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவாக்கியது.